ரீமேக் கான்ட்ரா ஏன் ‘நம்ம’ கான்ட்ரா மாதிரி இல்லை?

2024 மார்ச் 12 அன்று ‘கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா’ வெளியானது. 1987-இல் பிறந்த கான்ட்ராவின் மறு ஆக்கம் அது. உரிமை ஜப்பானின் கொனாமி நிறுவனத்திடம் இருக்கிறது. உருவாக்கியது அமெரிக்காவின் வேஃபார்வர்ட். டவுன்ஹால் ரோட்டிலும் மீனாட்சி பஜாரிலும் கேசட் வாங்கி, ஆன்டெனா ஒயரைக் கழற்றிவிட்டு டிவி கேம் ஆடி வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இந்தப் பெயரை எடுத்தாலே கை துறுதுறுக்கும். ஆனால் வாங்கி ஆடியதும் முதல் குறை வந்துவிடுகிறது: “இது அந்தக் கான்ட்ரா இல்லை.”

சரி, பழசையே ஆடுவோம் என்று அசல் ஆட்டம் அடங்கிய தொகுப்பை வாங்கினால் இரண்டாவது குறை வருகிறது. அதுவும் நாம் ஆடியது மாதிரி இல்லை. ஆட்டம் பறக்கிறது, பாட்டு அவசரப்படுகிறது, குண்டு வருவதற்குள் குதிக்க முடியவில்லை. “வயசாயிடுச்சு, கை தளர்ந்துபோச்சு” என்று பலரும் தங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்.

வயதுக்கும் ஒரு பங்கு இருக்கலாம். பெரிய பங்கு நம் ஊர் மின்சாரத்துக்கு. அது எப்படி என்பதிலிருந்து தொடங்கினால்தான் ரீமேக்கில் என்ன மாறியது என்பதும் விளங்கும்.

கான்ட்ரா என்றால் எந்தக் கான்ட்ரா?

‘பிளாட்பார்மர்’ என்பது மேடைக்கு மேடை தாவிப் போகும் ஆட்டம். மரியோ அந்த வகை. தாவுகிறவன் கையில் துப்பாக்கியோ வாளோ கொடுத்தால் அது ‘ஆக்‌ஷன் பிளாட்பார்மர்’. அதிலும் நிற்காமல் ஓடிக்கொண்டே சுடுவதற்கு ‘ரன் அண்ட் கன்’ என்று தனிப் பெயர் உண்டு. கான்ட்ரா அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று.

முதலில் அது வீட்டு ஆட்டமே இல்லை. 1987-இல் காசு போட்டு ஆடும் ஆர்கேடு எந்திரமாக வந்தது. அடுத்த ஆண்டு, டிவியோடு இணைத்து ஆடும் நின்டெண்டோ நிறுவனத்தின் வீட்டுப் பெட்டிக்காகத் திருத்தி எழுதப்பட்டது. அந்த வீட்டு வடிவமும் ஒன்றல்ல:

1. ஜப்பானிய வடிவம். கேசட்டுக்குள்ளேயே கொனாமியின் சொந்தச் சில்லு (சிப்) இருந்தது. அதன் தயவில் முதல் ஸ்டேஜில் மரங்கள் அசைந்தன, பனி ஸ்டேஜில் பனி கொட்டியது, ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரைபடம் வந்தது.

2. அமெரிக்க வடிவம். அந்தச் சில்லு இல்லை. மரம் அசையாது, பனி விழாது. கதையிலும் கை வைத்தார்கள். ஜப்பானில் 2633-ஆம் ஆண்டு கலூகா தீவுகளில் நடந்த சண்டை, அமெரிக்கக் கையேட்டில் தென்னமெரிக்கக் காட்டில் சமகாலத்தில் நடப்பதாக ஆனது.

3. ஐரோப்பிய வடிவம். 1990-இல் ‘ப்ரொபோடெக்டர்’ என்ற பெயரில் வந்தது. மனிதனை மனிதன் சுடும் ஆட்டங்களுக்கு ஜெர்மனியில் இருந்த கெடுபிடியால் வீரர்கள் ரோபோக்கள் ஆனார்கள்.

ஆக, அசல் என்று நாம் சொல்வதே அன்றைக்கே மூன்று நான்காகப் பிரிந்து கிடந்தது. உங்கள் கேசட்டில் எது இருந்தது என்று தெரிய வேண்டுமா? முதல் ஸ்டேஜில் மரம் அசைந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். புது ரீமேக் கலூகா தீவுக்கே திரும்பிவிட்டது. ப்ரொபோடெக்டர் ரோபோவையும் ஆடக்கூடிய பாத்திரமாக உள்ளே சேர்த்துக்கொண்டது. குடும்பச் சண்டையைத் தீர்த்துவைத்த மாதிரி.

நம் வீட்டுக்கு வந்த பெட்டி

மதுரை வீடுகளில் இருந்தவற்றில் பெரும்பாலானவை நின்டெண்டோ செய்த பெட்டிகள் அல்ல. தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள். நின்டெண்டோ பெட்டியின் சில்லுகளைப் பார்த்து அதே வேலையைச் செய்யும் சில்லுகளை உருவாக்கி, ஏதாவது ஒரு கவர்ச்சியான பிளாஸ்டிக் உடைக்குள் அடைத்து அனுப்பினார்கள். பின்னாளில் வந்த பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒரு சின்னப் பலகை, நடுவே திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒரு கறுப்புத் துளி. முழு நின்டெண்டோவும் அந்தத் துளிக்கு அடியில் இருந்தது.

இந்தப் பெட்டி இந்திய டிவியோடு பேச வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. நம் மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைகிறது. அமெரிக்காவில் 60 முறை. பழைய டிவி முறைகளை வகுத்தவர்கள் படம் புதுப்பிக்கும் வேகத்தை அந்தந்த நாட்டு மின்சாரத்தை ஒட்டியே வைத்தார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் பின்பற்றிய என்.டி.எஸ்.சி. முறையில் வினாடிக்கு 60. இந்தியா எடுத்துக்கொண்ட ‘பால்’ (PAL) முறையில் 50.

2. அன்றைய ஆட்டங்களுக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. டிவி ஒரு முறை படம் வரைந்து முடித்தால் ஆட்டம் ஒரு அடி நகரும். அந்த ஓர் அடிக்குப் பெயர் ஃப்ரேம். வீரன் ஒரு ஃப்ரேமுக்கு இத்தனை புள்ளி நகர வேண்டும், குண்டு இத்தனை புள்ளி நகர வேண்டும் என்றுதான் நிரல் எழுதப்பட்டிருக்கும்.

3. கான்ட்ராவை எழுதியவர்கள் வினாடிக்கு 60 ஃப்ரேம் என்று நினைத்து எழுதினார்கள். பால் டிவிக்காகச் செய்த நகல் பெட்டியில் அது 50 ஃப்ரேமாக ஓடியது. அதாவது ஆறில் ஐந்து பங்கு வேகம். அசலில் 3 நிமிடத்தில் முடியும் ஸ்டேஜ் நமக்கு 3 நிமிடம் 36 வினாடி. திரையைக் கடக்க அசலில் 2 வினாடி எடுக்கும் குண்டுக்கு நம் வீட்டில் 2.4 வினாடி.

4. பாட்டில் இன்னொரு விசித்திரம். சுருதியைத் தீர்மானிப்பது செயலியின் (பெட்டியின் மூளையான ப்ராசஸரின்) வேகம். தாளத்தைத் தீர்மானிப்பது ஃப்ரேம். அசல் பெட்டியின் செயலி 1.79 மெகாஹெர்ட்ஸ். இந்த வகை நகல்களில் ஏறக்குறைய 1.77. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை என்பதால் சுருதி அப்படியே நின்றது. ஆனால் ஃப்ரேம் குறைந்ததால் காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்தது. அதனால்தான் பாட்டு இழுக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓடும் வேகம் குறைந்த டேப் மாதிரி குரல் கனத்திருந்தால் உடனே காதில் உறுத்தியிருக்கும்.

5. செயலி வேகம் ஏறக்குறைய அதே, ஆனால் ஃப்ரேம் குறைவு. ஆகவே ஒரு ஃப்ரேமுக்குள் கணக்குப் போடக் கிடைக்கும் நேரம் கூடுதல். எதிரிகள் கூட்டமாக வரும்போது அசல் பெட்டி சில இடங்களில் திணறும். நகல் பெட்டிக்கு மூச்சுவிடக் கொஞ்சம் அதிக இடம் இருந்தது.

எல்லாப் பெட்டிகளும் இப்படி என்று சொல்ல முடியாது. 60 ஃப்ரேம் பெட்டிகளும் வழி தவறி வந்திருக்கின்றன. அதற்கும் ஓர் அடையாளம் உண்டு. கலர் டிவியில் போட்டும் ஆட்டம் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்திருந்தால், அது பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. பெட்டி. அதன் நிறச் சமிக்ஞை நம் பால் டிவிக்குப் புரியாது.

இதில் ஒரு சங்கடமான விளைவு இருக்கிறது. எதிரியின் குண்டைப் பார்த்துக் குதிக்க நமக்கு 20 சதவீதம் கூடுதல் நேரம் கிடைத்தது. “மூணே லைஃப்ல முடிச்சேன்டா” என்று தெருவில் பெருமை பேசிய அண்ணன்களின் பெருமையில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளலாம்.

கைக்கும் ஒரு சலுகை இருந்தது. அசல் பெட்டியின் கைப்பிடியில் சுட ஒரு பட்டன், குதிக்க ஒரு பட்டன். நகல் பெட்டிகள் பலவற்றில் மேலே இன்னும் இரண்டு டர்போ பட்டன்கள். அழுத்திப் பிடித்தால் அதுவே படபடவென்று தட்டும். கான்ட்ராவில் கையில் கிடைக்கும் முதல் துப்பாக்கி ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு தட்டு கேட்கும். டர்போ இருந்தால் அந்த உழைப்பே இல்லை.

‘99,99,999 இன் 1’ கேசட்

கேசட் மேல் அச்சிட்டிருந்த இலக்கத்தை யாரும் நம்பவில்லை. ஆனாலும் எல்லோரும் வாங்கினார்கள். பட்டியலில் நூற்றுக்கணக்கில் பெயர்கள் ஓடும், திறந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இதை ஏமாற்று என்று தள்ளிவிட்டால் அதற்குள் இருக்கும் தொழில்நுட்பம் கண்ணில் படாமல் போய்விடும்.

ஆட்டம் தொடங்கும்போது ‘லைஃப் எத்தனை’, ‘ஸ்டேஜ் எது’, ‘கையில் எந்தத் துப்பாக்கி’ என்பவை நினைவகத்தில் சின்னச் சின்ன எண்களாக எழுதப்படும். கள்ளக் கேசட் செய்தவர்கள் அந்த எண்களை மாற்றிவிட்டு ஒவ்வொரு மாற்றத்தையும் தனி ஆட்டமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் 30 லைஃப், இன்னொன்றில் ஆரம்பத்திலேயே எஸ் கன், மற்றொன்றில் நேராக ஐந்தாவது ஸ்டேஜ். எஸ் கன் என்றால் ஒரே தட்டில் ஐந்து குண்டுகள் விசிறி மாதிரி விரியுமே, அதுதான்.

அசலிலேயே 30 லைஃப் வாங்க ஒரு வழி இருந்தது. தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்திவிட்டு ஸ்டார்ட். இதுதான் ‘கொனாமி கோட்’. கான்ட்ராவுக்காகப் பிறந்ததும் இல்லை இது. 1986-இல் ‘கிரேடியஸ்’ ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்த கஸுஹிஸா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கத் தனக்கே அது ரொம்பக் கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட குறுக்குவழி. எடுக்க மறந்து வெளியே வந்துவிட்டது. அவர் 2020-இல் காலமானார். இணையம் இல்லாத காலத்திலும் பள்ளிக்கூட பெஞ்சு வழியாக இந்தப் பத்து அழுத்தங்கள் ஊர் ஊராகப் பரவின.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் மதுரையின் கான்ட்ரா என்பது 50 ஃப்ரேம் நடை, டர்போ பட்டன், பல நேரம் 30 லைஃப். எந்த நிறுவனமும் இப்படி ஒரு வடிவத்தை வெளியிடவே இல்லை. வெளியிடாத ஒன்றை யாரும் ரீமேக் செய்யவும் முடியாது.

போர்ட், ரீமாஸ்டர், ரீமேக்: எது எது?

கடைப் பக்கங்களில் இந்தச் சொற்களை இஷ்டத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

1. எமுலேஷன்: இன்றைய கணினியோ போனோ, தான் ஒரு பழைய பெட்டி என்று வேடம் போட்டுக்கொள்வது. உள்ளே ஓடுவது பழைய நிரலே. ஓர் எழுத்துக்கூட மாறுவதில்லை.

2. போர்ட்: ஒரு பெட்டிக்கு எழுதிய ஆட்டத்தை வேறொரு பெட்டியில் ஓடும்படி மாற்றி எழுதுவது. ஆர்கேடிலிருந்து வீட்டுக்கு வந்த கான்ட்ரா இந்த வகை என்றாலும், ஸ்டேஜ்களையே மாற்றி அமைத்துச் செய்த தாராளமான போர்ட்.

3. ரீமாஸ்டர்: அடிப்படை அதே, படமும் ஒலியும் மட்டும் துலக்கப்படும். பழைய சிவாஜி படங்களை டிஜிட்டலில் சுத்தம் செய்து மறுபடி தியேட்டருக்கு விடுவார்களே, அதுபோல. நாயக்கர் மகாலின் சுதை வேலைப்பாட்டைத் துலக்கி வண்ணம் தீட்டுவதையும் சொல்லலாம். தூண் அதே தூண்தான்.

4. ரீமேக்: பழைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. 2018 பிப்ரவரி 2 இரவு தீயில் சிதைந்த மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்துக்கு, புதுக் கல் கொண்டுவந்து பழைய அமைப்பில் தூண் செதுக்கும் திருப்பணி இந்த வகை. மண்டபத்தின் பெயர் அதுவே, கல் வேறு.

5. மறுகற்பனை: வரைபடத்திலேயே திருத்தம். அறையைப் பெரிதாக்குவது, புது வாசல் வைப்பது. ஆபரேஷன் கலூகா நான்காவதில் தொடங்கி ஐந்தாவதில் கால் வைத்திருக்கிறது.

பெட்டி மேல் அச்சிட்ட சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். இதே வேஃபார்வர்ட் 2013-இல் உருவாக்கிய ‘டக்டேல்ஸ்: ரீமாஸ்டர்டு’ என்பது பெயரில்தான் ரீமாஸ்டர். 1989-இன் ஆட்டத்தை அடியோடு புதிதாக வரைந்து, குரல் சேர்த்துச் செய்த முழு ரீமேக் அது.

தடை போனதும் என்னென்ன மாறியது?

ரீமேக் பற்றிய பேச்சில் பெரும்பாலும் ‘கிராஃபிக்ஸ் பிடிக்கவில்லை’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். கிராஃபிக்ஸ் மேல்தோல். உள்ளே நடந்த மாற்றம் ஒரு சங்கிலி. ஒன்று அவிழ்ந்ததும் அடுத்தது அவிழ்ந்திருக்கிறது.

முதல் கண்ணி, பழைய பெட்டியின் வறுமை. திரை 256-க்கு 240 புள்ளிகள். வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையை அதில் வைத்தால் இரண்டாவது பத்திகூடக் கொள்ளாது. அசையும் உருவங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வரைய முடியும். அந்தத் துண்டுக்கு ஸ்பிரைட் என்று பெயர். அகலம் 8 புள்ளி. திரை முழுவதற்கும் 64 துண்டுகள். அதிலும் ஒரே கிடைக்கோட்டில் 8-க்கு மேல் வரையவே வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீரனுக்கு அகலவாட்டில் குறைந்தது இரண்டு துண்டு. இரண்டு பேர் ஆடினால் நான்கு போயிற்று. எதிரி இரண்டு பேர் எதிரே வந்தால் எட்டும் தீர்ந்தது. குண்டுகளுக்கு இடமே இல்லை. அதனால் நிரலர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: ஒவ்வொரு ஃப்ரேமிலும் வரையும் வரிசையை மாற்றி, இந்த முறை இவன் மறைய, அடுத்த முறை அவன் மறைய என்று ஆளுக்கொரு முறை விட்டுக்கொடுக்க வைத்தார்கள். பழைய ஆட்டங்களில் உருவங்கள் மினுக்கிக்கொண்டே இருந்ததன் காரணம் இதுதான். கேசட்டை எத்தனை முறை ஊதிப் போட்டாலும் அந்த மினுக்கல் போகாது.

இந்த வறுமையிலிருந்து ஆட்டத்தின் நியாயம் பிறந்தது என்பது என் கருத்து:

1. எதிரிகளைக் கொஞ்சம் பேராகத்தான் அனுப்ப முடியும். எனவே ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்பது முக்கியமாகிறது.

2. குண்டுகளும் கொஞ்சம்தான். ஒவ்வொரு குண்டையும் தனித்தனியாகக் கண்ணால் பின்தொடரலாம்.

3. பார்த்துத் தப்பிக்க முடிகிற குண்டு என்பதால், ஒரு குண்டு பட்டாலே சாவு என்ற விதியை ஆடுகிறவர் ஏற்றுக்கொள்கிறார். ‘என் தப்பு’ என்று தோன்றுமே தவிர ‘ஏமாற்றிவிட்டது’ என்று தோன்றாது.

4. ஒரே அடியில் சாவு என்பதால்தான் எஸ் கன் கையில் இருக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது. செத்தால் துப்பாக்கியும் போகும்.

இப்போது ரீமேக்குக்கு வருவோம். ஸ்பிரைட் வரம்பு இல்லை. உருவங்கள் முப்பரிமாணத்தில் செய்யப்பட்டு, பக்கவாட்டுப் பாதையில் ஓடவிடப்படுகின்றன. எத்தனை எதிரி வேண்டுமானாலும் வரலாம், வெடிப்பு திரையை நிறைக்கலாம். வந்தது. திரை நிறைந்தால் எந்தக் குண்டு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். பிரித்துப் பார்க்க முடியாத இடத்தில் ஒரே அடியில் சாவு என்பது அநியாயமாகப் படும். ஆகவே வீரனுக்கு உயிர்ப்பட்டை வந்தது. இரண்டு ஆயுதங்களைச் சுமக்கலாம் என்றானது. ஒரே ஆயுதத்தை மறுபடி எடுத்தால் அதன் பலம் கூடுகிறது. கையிலிருக்கும் ஆயுதத்தைத் தியாகம் செய்து பெருந்தாக்குதல் நடத்தும் ‘ஓவர்லோட்’ வந்தது. கடையில் சலுகைகள் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம்.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல சேர்க்கை. எல்லாம் சேர்ந்தபோது சாவின் பயம் குறைந்து, ஆயுதங்களை நிர்வகிக்கும் யோசனை கூடியது. பழைய ஆட்டம் கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே நடந்தது. புதியதில் மூளைக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் பழசைத் தேடிப் போனவர் கை தேடியது அந்த நாற்காலியை இல்லை. இதைத் தயாரிப்பாளர்களும் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று: உயிர்ப்பட்டையை அணைத்துவிட்டு, ஒரே அடியில் சாகும் பழைய விதிக்கு மாறிக்கொள்ளும் தேர்வும் உள்ளே இருக்கிறது.

கைப்பழக்கத்தை அப்படியே காப்பாற்றிய ரீமேக்கும் உண்டு. 1989-இல் சேகா நிறுவனத்தின் மாஸ்டர் சிஸ்டம் பெட்டிக்கு வந்த ‘வொண்டர் பாய்: டிராகன்ஸ் டிராப்’ 2017-இல் திரும்பி வந்தது. பிரான்ஸின் லிசர்ட்கியூப் குழு பழைய கேசட்டின் நிரலைப் பிரித்து ஆராய்ந்து, குதிப்பும் ஓட்டமும் அதே கணக்கில் இருக்கும்படி அடித்தளத்தை அமைத்தது. மேலே மட்டும் கையால் வரைந்த புது ஓவியம். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பட்டனைத் தட்டினால் புது ஓவியம் மறைந்து பழைய புள்ளிப் படம் வரும். வீரன் நின்ற இடம் ஒரு புள்ளிகூட நகராது. என்னைக் கேட்டால் கான்ட்ராவுக்கும் இந்த வழியைத்தான் பிடித்திருக்க வேண்டும்.

டிவியும் ஒரு வில்லன்

சிறிய விஷயம், ஆனால் பலருக்குத் தெரியாது. பழைய பெட்டி டிவியில் பட்டன் அழுத்தியதற்கும் திரையில் தெரிவதற்கும் நடுவே டிவியின் பங்காகத் தாமதம் கிட்டத்தட்ட இல்லை. சமிக்ஞை வர வர வரைந்துவிடும். தட்டை டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, பிறகே காட்டும். அதற்குப் பத்துக்கணக்கான மில்லி வினாடிகள் ஆகும். 60 ஃப்ரேம் ஆட்டத்தில் ஒரு ஃப்ரேம் 16.6 மில்லி வினாடி; ஆக மூன்று நான்கு ஃப்ரேம் தாமதம் சர்வசாதாரணம். ஆட்டம் வேகமாகவும், கை தாமதமாகவும் ஒரே நேரத்தில் தோன்றுவது இதனால்தான். டிவி அமைப்பில் ‘கேம் மோட்’ என்று இருந்தால் போட்டுவிடுங்கள். மெருகேற்றும் வேலையை அது பெருமளவு குறைத்துவிடும்.

இவ்வளவு சிரமம் எதற்கு?

பழைய நிரலை எடுத்துத் தூசி தட்டினால் போதாதா என்று கேட்கலாம். பல நேரம் எடுக்க நிரலே இருப்பதில்லை. கொனாமியே இதில் அடிபட்டிருக்கிறது. 2012-இல் வந்த ‘சைலன்ட் ஹில் எச்.டி. கலெக்‌ஷன்’ வேலைக்கு இறுதி நிரல் கிடைக்காமல் அரைகுறையாக இருந்த பழைய நிரலை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. ஏற்கெனவே திருத்திய பிழைகளை மறுபடி திருத்தினார்கள்.

அடியோடு புதிதாகச் செய்வதும் பூப்பாதை இல்லை. 2003-இன் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ ஆட்டத்துக்கு ரீமேக் வருகிறது என்று 2020 செப்டம்பரில் யூபிசாஃப்ட் அறிவித்தது. வேலை புனே, மும்பை ஸ்டூடியோக்களிடம். இந்தியாவில் செய்யும் பெரிய ஆட்டம் என்று நமக்கெல்லாம் மகிழ்ச்சி. முன்னோட்டம் பார்த்தவர்கள் முகங்கள் பழையவையாகத் தெரிகின்றன என்று கழுவி ஊற்றினார்கள். 2021 ஜனவரி வெளியீடு தள்ளிப்போனது, அப்புறம் இன்னும் தள்ளிப்போனது. 2022-இல் வேலை அசலைச் செய்த மாண்ட்ரியால் ஸ்டூடியோவுக்கே திரும்பியது. 2026 ஜனவரியில் முழுவதுமாகக் கைவிடப்பட்டது.

அப்படியும் நிறுவனங்கள் விடாமல் முயல்வதற்குக் காரணம் எளியது. பெயருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. 1990-களில் பாக்கெட் மணி சேர்த்துக் கேசட் வாங்கிய பிள்ளைகள் இன்று சம்பளக்காரர்கள்.

எதை வாங்கினால் எது கிடைக்கும்?

இப்போது கான்ட்ரா என்று தேடினால் வரும் மூன்று பெயர்களில் குழம்ப வேண்டாம்.

1. ‘கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்’, 2019. எமுலேஷன். ஆர்கேடு வடிவமும் பழைய வீட்டு வடிவமும் அப்படியே இருக்கின்றன. அசல் வேகத்தில் ஓடும். மேலே சொன்ன கணக்குப்படி நம் நினைவை விட வேகமாகத் தெரியும். எங்கே வேண்டுமானாலும் சேமித்துக்கொள்ளலாம் என்பது பெரிய நிம்மதி. கரண்ட் போனால் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்கிய கொடுமை இல்லை.

2. ‘கான்ட்ரா: ஆபரேஷன் கலூகா’, 2024. ரீமேக். கதை முறையில் இரண்டு பேர், ஆர்கேடு முறையில் நான்கு பேர் வரை ஆடலாம். உடன்பிறப்புகளோடு சண்டை போட்டுக்கொண்டே ஆட நினைப்பவருக்கு இதுதான். முதல் முறை உயிர்ப்பட்டையோடு ஆடிப் பழகிவிட்டு, பிறகு அணைத்துப் பாருங்கள்.

3. ‘கான்ட்ரா: ரோக் கார்ப்ஸ்’, 2019. பெயர் மட்டும்தான் கான்ட்ரா. பெரும்பாலும் மேலிருந்து பார்க்கும் கோணத்தில் நடக்கும் வேறு ஆட்டம். பழைய நினைவில் வாங்கினால் வருத்தப்படுவீர்கள்.

போனில் இலவசமாகக் கிடைக்கும் ‘கான்ட்ரா’ ஆப்கள் பல கொனாமிக்குத் தொடர்பில்லாதவை. ஓடிக்கொண்டே சுடுவது என்ற யோசனைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதனால் அதுபோன்ற ஆட்டம் செய்வதில் தவறில்லை. பெயர், உருவங்கள், இசை, நிரல் ஆகியவற்றுக்கு உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இன் திருத்தத்துக்குப் பிறகு கணினி நிரலும் இலக்கியப் படைப்பு போலவே பாதுகாக்கப்படுகிறது. 1987-இன் ஆட்டத்துக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் முடியவில்லை. பஜாரில் வாங்கிய கேசட்டும் அந்தக் கணக்கில் கள்ளச் சரக்குதான், நமக்கு அன்று தெரியாவிட்டாலும்.

கடைசியாக, அந்த 50 ஃப்ரேம் நடைதான் வேண்டும் என்பவர்களுக்கு. நம் பெட்டிகளைப் போன்ற நகல்கள் ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற பெயரில் பெரும் புகழ் பெற்றன. அதனால் கணினியில் ஓடும் சில எமுலேட்டர்களில் பிராந்தியம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் என்.டி.எஸ்.சி., பால் இரண்டோடு டெண்டி என்றும் ஒரு வரி இருக்கும். பால் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சுருதியும் கொஞ்சம் இறங்கிவிடும், ஏனென்றால் ஐரோப்பிய அசல் பெட்டியின் செயலி 1.66 மெகாஹெர்ட்ஸ்தான். டெண்டியைத் தேர்ந்தெடுங்கள். முதல் ஸ்டேஜின் பாட்டு அதே சுருதியில், பழைய நடைக்கு இறங்கும்.